மலர் மருத்துவமும் பட்டியல் அறிஞரும்

தமிழிலே பூக்களின் மருத்துவப் பயன் குறித்து எழுதப்படும் கட்டுரைகளுக்கென ஒரு வாய்பாடு ஏற்பட்டுவிட்டது. இடப்பக்கத்திலே பூவின் பெயர். வலப்பக்கத்திலே நோயின் பெயர். ஆவாரம்பூ நீரிழிவுக்கு, செவ்வரத்தம்பூ இருதய நோய்க்கு, வேப்பம்பூ பித்தத்துக்கு, நந்தியாவட்டை கண்ணோய்க்கு, தாமரை இரத்தக் கொதிப்புக்கு. இடையிடையே “இவற்றையெல்லாம் எமது முன்னோர் அன்றே கண்டனர்” என்றொரு பெருமிதம். இறுதியிலே மேலை மருத்துவத்தின் மீது ஒரு சாடல். அவ்வளவுதான், கட்டுரை முடிந்துவிடும். வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்திலும், பாடசாலை ஆண்டு மலரிலும், கோயிற் குடமுழுக்குச் சிறப்பிதழிலும், இப்பொழுது கைத்தொலைபேசித் திரையிலும் இவ்வாய்பாடு ஒரு சொல்லும் மாறாது சுற்றி வருகின்றது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் இதழ்களும் இதற்கு விதிவிலக்கல்ல. இவ்வாய்பாட்டை எழுதுவோரை யான் பட்டியல் அறிஞர் என அழைக்க விரும்புகின்றேன். அவர்களை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறுக்கப் புகும்பொழுதே ஓர் ஐயத்தை நீக்கிவிடுதல் வேண்டும். பூவாவது மருந்தாவது, எல்லாம் படிப்பறிவற்றோரின் மூடநம்பிக்கை எனக் கைகொட்டி நகைக்கும் கூட்டத்தோடு யான் சேர்ந்தவனல்லன். பல்வலிக்கென ஆங்கில மருத்துவரை நாடுவோன் அவரது சிகிச்சை அறையிலே நுகரும் வாசனை எது? கராம்பு வாசனை. கராம்பென்பது விரியாத பூமொட்டு. மலருமுன் பறித்து உலர்த்தப்படுவது. அதன் எண்ணெயிலே பெரும்பங்கினதாகிய யூஜினோல் என்னும் பொருளை நாக ஒட்சைட்டோடு குழைத்தே பற்குழிகளை அடைக்கும் தற்காலிகச் சாந்து செய்யப்படுகின்றது. எமது பாட்டிமார் சொத்தைப் பல்லிலே கராம்பை வைத்துக் கடிக்கச் சொன்னதும், பட்டம் பெற்ற மருத்துவர் கராம்பெண்ணெயைக் குழைத்து வைப்பதும் ஒரே அறிவின் இரு நிலைகள். (பூவென்று பெயரில்லாமையாற் போலும், பட்டியல் அறிஞர் பலர் கராம்பை மலர் மருந்துகளிற் சேர்ப்பதில்லை. பெயரைப் பார்த்துப் பட்டியல் போடுவோர்க்கு இது நேர்வது இயல்பே.)

ஆகவே நகைப்போரும் பட்டியல் போடுவோரும் எனக்கு ஒரே தரத்தினர். முன்னவர் நாட்டு மருத்துவ அறிவை ஆராயாது தள்ளுகின்றனர். பின்னவர் ஆராயாது கொள்ளுகின்றனர். ஆராய்தல் என்னும் உழைப்பு இரு சாராரிடத்தும் இல்லை.

உன்னிச்சை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மண்முனை மேற்குப் பிரதேசத்தில் உள்ளது. பெருங்குளமும் அதனை நம்பிய வயல்களும், சேனைகளும், மாட்டுப்பட்டிகளும், யானை இறங்கும் காட்டோரமும் கொண்ட ஊர். மட்டக்களப்பு நகரத்தார் இன்று குழாயிற் குடிக்கும் நீர் உன்னிச்சைக் குளத்து நீரே. அந்நீரைக் குளத்திலே கிடந்தவாறே எவரும் நகருக்கு அனுப்பவில்லை. சேறுடையதென்று தள்ளிவிடவும் இல்லை. வடித்து, தெளியவைத்து, கிருமி நீக்கி, பரிசோதித்த பின்னரே குழாயில் விடுகின்றனர். அதே ஊரின் மருத்துவ அறிவுக்கு மட்டும் இந்த மரியாதை கிடைப்பதில்லை. ஒன்றில் அதைக் கலங்கலாகவே அள்ளிக் குடிக்கச் சொல்லுகின்றனர், அன்றேல் குளத்தையே தூர்த்துவிடச் சொல்லுகின்றனர்.

படுவான்கரையின் பரியாரிமாரிடத்தும் வீட்டுப் பெண்களிடத்தும் உள்ள அறிவை அருகிருந்து கண்டோர் ஒன்றை அறிவர். அவ்வறிவு ஒருபோதும் பட்டியல் வடிவிலே இருப்பதில்லை. “ஆவாரம்பூ எதற்கு நல்லது?” என்று கேட்டால், கைதேர்ந்த பரியாரி திருப்பி உம்மையே கேள்வி கேட்பார். யாருக்கு? வயதென்ன? வயிற்றுப்போக்கு உண்டா? வேறு மருந்து குடிக்கின்றாரா? பூ பச்சையா, உலர்ந்ததா? பச்சையெனின் எப்பொழுது பறித்தது? தனியே குடிப்பதா, வேறு சரக்குகளோடு குடிநீராக்குவதா? எத்தனை பங்கு நீரை எத்தனை பங்காக வற்றக் காய்ச்சுவது? எத்தனை நாளைக்கு? எந்தப் பத்தியத்தோடு? இக்கேள்விகளே மருத்துவம். பூவின் பெயரும் நோயின் பெயரும் அம்மருத்துவத்தின் இரு ஓரங்கள் மாத்திரமே. பட்டியல் அறிஞர் நடுவிலிருந்த யாவற்றையும் வெட்டியெறிந்துவிட்டு ஓரங்களை ஒட்டிவைத்து, இதோ சித்தர் கண்ட செல்வம் என்கின்றனர்.

வெட்டியெறியப்படும் சிறு விவரமொன்று எத்துணை பெறுமதியுடையதாதல் கூடும் என்பதற்குச் சீனத்து வரலாறு சான்று. மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ என்னும் பெண் ஆய்வாளர் பழைய ஏடுகளைத் துருவினார். மாசிபத்திரி இனத்து மூலிகையொன்று காய்ச்சலுக்கு உதவும் என்பது பல ஏடுகளிலே காணப்பட்டது. ஆயினும் அம்மூலிகையைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு நிலையான பயன் தரவில்லை. நான்காம் நூற்றாண்டிலே கோ ஹொங் என்பார் எழுதிய குறிப்பொன்றிலே மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துமாறு கூறப்பட்டிருந்தது, கொதிக்கவைக்குமாறு கூறப்படவில்லை. வெப்பமே மருந்தை அழிக்கின்றதோ என ஐயுற்ற அவர், தாழ்ந்த வெப்பநிலையிலே சாற்றை எடுத்து 1971ஆம் ஆண்டு வெற்றி கண்டார். ஆட்டெமிசினின் என்னும் அம்மருந்து உலகெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. நமது பட்டியல் அறிஞர் கையில் அக்குறிப்பு அகப்பட்டிருப்பின் என்னவாகியிருக்கும்? “மாசிபத்திரி – காய்ச்சல்” என இரு சொற்களாகச் சுருங்கியிருக்கும். ஊறவைத்தல் என்ற சொல் இடமில்லையென்று நீக்கப்பட்டிருக்கும்.

இனி ஆவாரம்பூவையே எடுத்துக்கொள்வோம். சிங்கள மக்கள் ரணவரா எனப் போற்றுவதும் இதுவே. மஞ்சள் நிறப் பூவை உலர்த்தித் தேநீர்போற் குடிக்கும் வழக்கம் இலங்கையின் உலர்வலயமெங்கும் நெடுங்காலமாக உண்டு. அதிலே குற்றம் காண ஒன்றுமில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்தபோது இரத்தத்திற் சீனியின் அளவு குறைந்ததாகக் கண்டனர். இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் எலியிற் கண்டது எலிக்கே உரியது. அதிலிருந்து மனிதருக்குச் செல்லும் வழி நீண்டது. எத்தனையோ பொருள்கள் அவ்வழியில் இடறி வீழ்ந்துள்ளன. பட்டியல் அறிஞரோ அவ்வழியை ஒரே தாவலிலே கடந்து, “ஆவாரம்பூ நீரிழிவை அடியோடு போக்கும் என விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டனர்” என எழுதுகின்றனர். தமது முன்னோரை நம்பாத இவர்கள் எலியை நம்புகின்றனர் என்பது ஒரு வேடிக்கை.

இவ்வேடிக்கைக்கு விலை கொடுப்போர் யார்? எனது தாய்மாமன் ஒருவர், வயலே கதியாக வாழ்ந்தவர், பல்லாண்டு நீரிழிவு நோயாளி. வாரப் பத்திரிகை ஒன்றிலே வந்த அத்தகைய கட்டுரையை யாரோ வெட்டிக் கொடுக்க, சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, மாத தவணைக்கு வைத்தியசாலைக்குச் செல்வதை நிறுத்தினார். மாத்திரை நின்றது, ஆவாரம்பூக் குடிநீர் தொடங்கிற்று. ஐந்தாறு மாதத்தின் பின் வரம்பிலே முள் குத்திய கால் ஆறவில்லை. இறுதியில் இரு விரல்கள் அகற்றப்பட்டன. ஊர்ப் பரியாரியாரிடம் யான் இதனைக் கூறியபோது அவர் சினந்தார். “மாத்திரைய உட்டுப்போட்டு இதக் குடியெண்டு ஆரு மனே சொன்ன? என்னட்டக் கேட்டயா?” என்றார். அவரிடம் எவரும் கேட்கவில்லை. பத்திரிகையிலே முன்னோர் பேசும்பொழுது, இருக்கும் பரியாரியிடம் கேட்பதற்கு யாருக்குத்தான் தோன்றும்?

மாமன் கைவிட்ட அம்மாத்திரையின் வரலாறு நோக்கத்தக்கது. மெற்போமின் என்பது அதன் பெயர். ஐரோப்பாவிலே கலேகா என்னும் பூண்டு, ஊதா நிறப் பூக்கொத்துகளை உடையது, இடைக்காலத்திலிருந்தே நாட்டு மருந்தாக வழங்கிற்று. அதனுள் இருந்த பொருள் சீனியைக் குறைத்தது உண்மை. நஞ்சாக இருந்ததும் உண்மை. அதே குடும்பத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த பொருள்களை இரசாயனவியலாளர் தேடினர். 1922இல் மெற்போமின் ஆக்கப்பட்டது. 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டேர்ண் நீரிழிவு நோயாளரிடத்தே அதனைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். நாட்டுப்பூண்டின் வழித்தோன்றலை வீசிவிட்டு மாமன் நாட்டுப்பூவைக் கையிலெடுத்தார்! மேலை மருந்து, கீழை மருந்து எனப் பட்டியல் அறிஞர் கிழிக்கும் கோடு வரலாற்றிலே இல்லை. சோதித்த மருந்து, சோதியாத மருந்து என்ற கோடுதான் உண்டு.

“ஆயிரம் ஆண்டு அனுபவமே சோதனைதானே?” என இங்கே ஒரு குரல் எழும். பட்டிமன்றங்களிலே கைதட்டலைப் பெறும் குரல் இது. அனுபவம் பெரிதே, அதை யான் மறுக்கவில்லை. ஆனால் அனுபவத்துக்கு ஒரு குறையுண்டு. பிழைத்தவன் வந்து பரியாரியைப் புகழ்வான். இறந்தவன் வந்து பழிப்பதில்லை. தானே மாறிவிடும் தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் எதைக் கொடுத்தாலும் அது மருந்தாகும். இதனை நீக்கவே எழுத்து வேண்டும். வென்றதையும் தோற்றதையும் ஒருங்கே எழுதும் எழுத்து. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், உடல்வீக்கத்துக்குக் கிராமத்து மூதாட்டி ஒருவர் கொடுத்துவந்த இரகசிய மருந்தை 1775இல் ஆராயப் புகுந்தார். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்த அம்மருந்திலே டிஜிற்றாலிசு என்னும் பூஞ்செடியே வேலை செய்வதெனக் கண்டார். எந்த உறுப்பை எப்பொழுது பறிப்பதென்று பார்த்து, செடி பூக்குங் காலத்து இலையே சீரானதெனத் தேர்ந்து, அளவை மெல்ல மெல்ல வகுத்து, பத்தாண்டுகளின் பின் 1785இல் நூலாக்கினார். தாம் கண்ட நோயாளரில் குணமடைந்தோரையும் அடையாதோரையும் அந்நூலிலே பதிவுசெய்தார். அச்செடி இன்றும் மருத்துவத்திலே நிலைத்திருப்பது இதனாலேயே. படுவான்கரையில் எத்தனை மூதாட்டியர் இருந்தனர்! ஒரு விதரிங் வந்தாரல்லர்.

இயற்கையானது தீங்கு செய்யாது என்பது பட்டியல் அறிஞரின் மற்றுமொரு வேதவாக்கு. கார்த்திகைப்பூவை நோக்குக. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதலாவதாக நிற்பது காந்தளாகிய இதுவே. மழை தொடங்க வேலிகளிலே தீச்சுடர்போல் விரியும் இதன் அழகில் மயங்காதார் இல்லை. இச்செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு கொடுநஞ்சு. வற்றாளையென மயங்கி உண்டோர் இலங்கையில் மாண்டுள்ளனர். இதே செடியின் கொல்சிசின் என்னும் பொருள், நுண்ணிய அளவிலே, மூட்டுகளில் உப்புப் படியும் வாதநோய்க்கு மருந்து. கொல்லும் அளவுக்கும் குணமாக்கும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. சித்த மருத்துவர் இதனை அறிந்தே கிழங்குக்குச் சுத்திமுறை வகுத்தனர். சுத்தியை விட்டுப் பெயரை மட்டும் பட்டியலில் எழுதுவோனை என்னவென்பது? அலரியும் அவ்வாறே. பூசைக்குகந்த பூ, இருதயத்தை நிறுத்தும் நஞ்சு. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணிலே ஒற்றிக்கொள்ளச் சொல்லும் வரியை யான் எத்தனையோ இடங்களில் வாசித்துள்ளேன். வேலியிலே தூசுபடிந்து எறும்பூர்ந்த பூவைப் புண்பட்ட கருவிழியில் வைத்தால் என்னாகும் என அவ்வரியை எழுதியோர் ஒரு கணமேனும் சிந்தித்தாரல்லர்.

பெயர்க் குழப்பம் தனியொரு நோய். செம்பருத்தி எனச் சில ஏடுகள் குறிப்பது செவ்வரத்தையையா, செந்நிறப் பூப்பூக்கும் பருத்தியினத்தையா என்பது இடம்நோக்கித் துணிய வேண்டியது. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளிலே சிறுநாகப்பூ என்று விற்கப்படுவது பலவேளைகளில் நாகமரத்துப் பூவே அன்று. கறுவா இனத்து மரமொன்றின் பிஞ்சுக் காய். பெயர் மயக்கம் உயிரைக் குடிக்கும் என்பதற்கு 1990களின் தொடக்கத்திலே பெல்ஜிய நாட்டில் நிகழ்ந்தது போதிய சான்று. உடல் மெலியச் சிகிச்சை பெற்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட சீன மூலிகைத் தூளிலே, ஒலியொத்த பெயருடைய வேறொரு மூலிகை கலந்துவிட்டது. அது ஆடுதீண்டாப்பாளை இனத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதுற்றனர்; சிலருக்குப் புற்றுநோயும் கண்டது. தொண்ணூற்றொன்பது பூக்களையும் மூச்சுவிடாது ஒப்புவிக்கும் தமிழ் மாணவன், அவற்றுள் எத்தனையை உன்னிச்சைக் காட்டோரத்திலே கைநீட்டிக் காட்டுவான்? யானறிந்தவரையில் மிகச் சிலவற்றையே.

இலங்கைத் தாவரங்களின் தமிழ்ப் பெயர்களைச் சிங்களப் பெயர்களோடு முறையாகத் தொகுத்த பெருநூல் எதுவெனின், பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி ட்றைமன் தொடங்கி 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த நூலே நினைவுக்கு வருகின்றது. ஆங்கில அரசின் உத்தியோகத்தர் ஒருவர் எமது பூக்களின் பெயரை எம்மவரிடம் கேட்டு எழுதினார். ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலே பரராசசேகரம் முதலிய மருத்துவ ஏடுகளை அச்சேற்றிக் காத்தார். அவர் செய்தது தனிமனித உழைப்பு. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தில் சித்த மருத்துவத்துக்கும் இடமளிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. அங்கு பயில்வோரின் வேலையை யாம் செய்ய முடியாது. ஆனால் கலைப்பீடத்து மாணவராகிய எமக்கென ஒரு வேலை உண்டு. சொல்லைச் சேர்ப்பதும், வழக்காற்றைக் குறிப்பதும், பேசுவோரின் பேச்சைப் பேசியவாறே எழுதுவதும் எமது துறை அன்றோ? அதனை விடுத்து மருந்து கூறும் வேலையை யாம் ஏன் மேற்கொண்டோம்?

ஏடு என்றவுடன் கண்கலங்குவோர்க்கு இன்னொன்றும் கூறல் வேண்டும். ஏட்டிலே எழுதப்பட்டது ஆண் வைத்தியரின் அறிவு. பிள்ளைப்பேற்றுக்குப் பின் எந்த நாளில் முருங்கைப்பூவைக் கறியிற் சேர்க்கலாம், எந்த நாளில் ஆகாது, அம்மாள் வருத்தம் கண்ட பிள்ளையின் அறையில் எதை வைப்பது, வாழைப்பூச் சுண்டலை யாருக்குக் கொடுப்பது என்பனவெல்லாம் மருத்துவிச்சியரிடத்தும் தாய்மாரிடத்தும் இருந்தவை. அவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. போர் ஆண்டுகளிலே உன்னிச்சை மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2007இல் படுவான்கரையே பெருமளவு வெறுமையாயிற்று. முகாமிலே இறந்த மூதாட்டியோடு அவளது அறிவும் இறந்தது. மீண்டு வந்தோர் காட்டோரம் செல்ல யானைக்கு அஞ்சுகின்றனர். களைகொல்லி தெளித்த வரம்பிலே தும்பை முளைப்பது அருகிவிட்டது. பூவும் பூவறிந்தோரும் ஒருங்கே குறைந்துவரும் காலம் இது.

இதற்கிடையே கொழும்புப் பல்பொருள் அங்காடியிலே ரணவரா அழகிய பெட்டியில் அடைபட்டு விற்பனையாகின்றது. வெயிலிலே நின்று பூப்பறிப்போர்க்கு அப்பெட்டியின் விலையில் என்ன பங்கு சேரும் என்பதை ஊகிக்கப் பொருளியல் கற்றிருக்க வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே மஞ்சளின் புண்ணாற்றும் தன்மைக்கு 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமையை 1997இல் இரத்துச் செய்விக்க முடிந்தது எதனால்? இந்திய ஆய்வு மன்றத்தினர் எழுதப்பட்ட பழைய சான்றுகளைக் காட்டினர். ஐரோப்பாவிலே வேம்பு பற்றி 1994இல் வழங்கப்பட்ட காப்புரிமையும் 2000ஆம் ஆண்டு நீக்கப்பட்டு, 2005இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. எழுத்திலே இல்லாத உன்னிச்சை அறிவுக்கு நாளை எவரேனும் உரிமை கோரின் எதனைக் காட்டப் போகின்றோம்? மகளிர் பக்கத்துப் பட்டியலையா?

எனவே இவ்விதழின் ஆசிரியர் குழுவிடம் யான் வேண்டுவது இதுவே. அடுத்த ஆண்டு முதல் “பூக்களின் மருத்துவ குணங்கள்” என்ற தலைப்பில் வரும் எந்தக் கட்டுரையையும் வெளியிடாதீர்கள். அதற்கு ஈடாக, விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவனும் ஒரே ஒரு பூவைப் பற்றி ஒரே ஒரு பரியாரியிடமோ மூதாட்டியிடமோ கேட்டு வரட்டும். அவ்வூர்ப் பெயர், பறிக்கும் பருவம், பக்குவம், அளவு, பத்தியம், யாருக்குக் கொடுக்கலாகாது என்பது, பலிக்காமற் போன வேளைகள் ஆகிய அனைத்தையும் சொன்னவரின் சொல்லிலேயே எழுதட்டும். சொன்னவரின் இசைவு பெறட்டும். எதை வெளியிடலாம், எதை வெளியிடலாகாது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். பூங்கொப்பொன்றை அழுத்தி உலர்த்தித் தாவரவியல் துறையிற் கொடுத்து இனம் காணட்டும். நோய் தீர்க்கும் என ஒரு வாக்கியமும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியோர் வேறு. அவர்களுக்குச் சோதிக்க ஒன்றைக் கொடுப்பதே எமது வேலை. முதற் குறிப்பாக, உன்னிச்சைப் பரியாரியார் ஒருவரிடம் கேட்டெழுதிய ஆவாரம்பூக் குறிப்பைச் சங்கக் காரியாலயத்தில் ஒப்படைத்துள்ளேன். அதிலே பத்தியத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் சென்றுள்ளது.